நியூட்ரல் ஏன் சுடுது? ஹார்மோனிக்ஸ்னா என்ன, அதை எப்படிக் கொறைக்கிறது

போன வருஷம் ராபின்சன் ரோட் பக்கம் ஒரு பழைய ஆபீஸ் பில்டிங், மதியம் மூணு மணி இருக்கும், ரைசர் ரூம்ல (மாடி மாடியா மெயின் கேபிள் ஏறிப் போற அறை) டிபி, அதாவது மின்சாரத்தைப் பிரிச்சுக் குடுக்கற பெட்டி, அதோட கதவத் தொறந்ததும் சூடான பிளாஸ்டிக் வாடை அடிச்சுச்சு. எலக்ட்ரிகல் வேலை பாக்குறவங்களுக்கு அந்த வாடை நல்லா தெரியும், கை தானா பின்னால போயிடும். எங்கூட வந்த தம்பி பட்டுக்கோட்டைக்காரர், சிங்கப்பூர் வந்து ஆறு மாசம்தான் ஆகியிருந்துச்சு. கிளவுஸ் மாட்டிக்கிட்டு ஒவ்வொரு கேபிளா கிளாம்ப் மீட்டர் (கேபிளைக் கவ்விக்கிட்டு கரண்ட்ட அளக்கறது) போட்டுப் பாத்தார். மூணு ஃபேஸும், அதாவது கரண்ட் வர்ற மூணு ஒயரும், கிட்டத்தட்ட 60 ஆம்ப், அழகா பேலன்ஸா இருக்கு. அப்புறம் கரண்ட் திரும்பிப் போற ஒயரான நியூட்ரல்ல போட்டார், போட்டதைக் கழட்டி மறுபடியும் போட்டார்.

"அண்ணே, நியூட்ரல் 84 காட்டுது. மீட்டர் கெட்டுப் போச்சாண்ணே?"

மீட்டர் நல்லாத்தான் இருந்துச்சு. மூணு ஃபேஸும் சமமா இருந்தா நியூட்ரல்ல ஒண்ணும் ஓடாதுன்னுதான் நாம எல்லாரும் படிச்சிருக்கோம், அந்தப் பாடமும் தப்பில்ல, ஆனா கரண்ட்டோட அலை ஒழுங்கான வடிவத்துல இருந்தாதான் அது பொருந்தும். அலை கோணலாப் போனா அந்தக் கணக்கு உடையுது. அந்தக் கோணலைத்தான் ஹார்மோனிக் டிஸ்டார்ஷன்னு சொல்றோம். அன்னிக்கு அந்த ரூம் வாசல்ல நின்னுக்கிட்டே தம்பிக்கு சொன்னதைத்தான் இங்க கொஞ்சம் விரிவா எழுதறேன், கணக்கு தெரியாதவங்களுக்கும் புரியணும்னு பாத்துப் பாத்து எழுதறேன்.

முதல்ல அலை. நம்ம வீட்டு பிளக்ல வர்றது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதாவது வோல்டேஜ் ஒரு செகண்டுக்கு 50 தடவை மேல ஏறி, கீழ இறங்கி, திரும்ப வருது, வழுவழுன்னு ஊஞ்சல் ஆடற மாதிரி. தண்ணி கொதிக்க வைக்கிற கெட்டில் மாதிரி சாமான் இந்த ஊஞ்சல் கூடவே போகும், வோல்டேஜ் எவ்வளவு இருக்கோ அந்த அளவுக்கு கரண்ட் எடுக்கும், அதனால கரண்ட்டும் அதே வழுவழு அலையாவே இருக்கும். இந்த மாதிரி லோட லீனியர் லோட்னு சொல்லுவாங்க.

இப்ப உங்க போன் சார்ஜர், கம்ப்யூட்டர், டிவி, எல்இடி லைட், இதெல்லாம் அப்படி இல்ல. உள்ள ஏசிய (திசை மாறி மாறி ஓடற கரண்ட்) டிசியா (ஒரே திசையில ஓடறது) மாத்தற ஒரு ரெக்டிஃபையர், பக்கத்துல மின்சாரத்தைச் சேத்து வைக்கிற ஒரு கேபாசிட்டர். கடற்கரையில ஒரு தொட்டி கட்டி அதுக்கு உள்பக்கம் மட்டும் தொறக்கற கதவு வச்சிருக்கீங்கன்னு வச்சுக்குங்க. கடல் தண்ணி மேல ஏறி, தொட்டித் தண்ணியோட மட்டத்தைத் தாண்டற அந்தக் கொஞ்ச நேரம்தான் கதவு தொறக்கும், தண்ணி சடசடன்னு உள்ள பாயும், கடல் இறங்க ஆரம்பிச்சதும் கதவு சாத்திடும். கேபாசிட்டர் அதே வேலையைத்தான் பண்ணுது, வோல்டேஜ் உச்சிக்குப் போற நேரத்துல மட்டும் கரண்ட்ட ஒரேடியா இழுத்துக்கிட்டு மிச்ச நேரம் சும்மா இருக்கு. ஆசிலோஸ்கோப்புல, அதாவது அலையைப் படமா காட்டற கருவியில, பாத்தா மலை மாதிரி இருக்க வேண்டிய அலை கோயில் கோபுரக் கலசம் மாதிரி கூரா நிக்கும். இதுதான் நான்-லீனியர் லோட். கரண்ட்ட இப்படிக் கெடுக்கிறது மேல இருந்து வர்ற சப்ளை இல்ல, அந்த பில்டிங்குக்குள்ள நாம மாட்டி வச்சிருக்கிற சாமான்தான், இதைப் புரிஞ்சுக்கிட்டா பாதி விஷயம் முடிஞ்சுது.

சரி, கூரான அலைக்கும் ஹார்மோனிக்ஸுங்கிற பேருக்கும் என்ன சம்பந்தம்? ஃபூரியேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர், சூடு ஒரு பொருளுக்குள்ள எப்படிப் பரவுதுன்னு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருந்தவர், 1807ல பாரிஸ்ல ஒரு கட்டுரை சமர்ப்பிச்சார். திரும்பத் திரும்ப வர்ற எந்த வடிவத்தையும் வழுவழு அலைங்களைக் கூட்டியே உண்டாக்கிடலாம், அந்த அலைங்களோட வேகம் மூல வேகத்தோட ரெண்டு மடங்கு மூணு மடங்குன்னு முழு எண்ணா இருக்கும்னு அவர் வழியா நமக்குக் கிடைச்சுது. நம்ம 50 ஹெர்ட்ஸுக்கு மூணாவது ஹார்மோனிக் 150, அஞ்சாவது 250, ஏழாவது 350. ரெட்டைப்படை பெரும்பாலும் வராது, ஏன்னா அலையோட மேல் பாதியும் கீழ் பாதியும் ஒரே அச்சுல கெடுது, அப்ப ஒத்தைப்படை மட்டும்தான் மிஞ்சும்.

கச்சேரி கேக்குறவங்களுக்கு இது புது விஷயம் இல்ல. தம்புராவுல ஸட்ஜத் தந்திய மீட்டினா ஸட்ஜம் மட்டுமா கேக்குது? மூணாவது ஹார்மோனிக்ல பஞ்சமம், அஞ்சாவதுல அந்தர காந்தாரம், நல்லா சுருதி சேந்த தம்புராவுல அந்த காந்தாரம் யாரும் வாசிக்காமலே மிதந்து வரும். எனக்கு ரொம்பப் பிடிச்ச சத்தம் அது. அதே மூணும் அஞ்சும்தான் ஒயர்ல ஏறும்போது கேபிளையும் மோட்டாரையும் சூடாக்குது.

இப்ப அந்த 84 ஆம்புக்கு வருவோம். மூணு ஃபேஸையும் மூணு பேர் தாளம் போடறதா நினைச்சுக்குங்க, ஒரு ஆவர்த்தனத்துக்கு 15 எண்ணிக்கை. முதல் ஆள் 0ல ஆரம்பிக்கிறார், ரெண்டாவது ஆள் 5ல, மூணாவது ஆள் 10ல. ஒவ்வொருத்தரும் ஆவர்த்தனத்துக்கு ஒரே ஒரு தட்டு தட்டினா தட்டு சமமாப் பிரிஞ்சு விழும், ஒருத்தர் ஏறும்போது இன்னொருத்தர் இறங்குவார், அதனாலதான் நியூட்ரல்ல கூட்டினா ஒண்ணும் மிஞ்சறதில்ல. இப்ப மூணாவது ஹார்மோனிக், அதாவது ஒவ்வொருத்தரும் ஆவர்த்தனத்துக்கு மூணு தட்டு, 5 எண்ணிக்கைக்கு ஒரு தட்டு. முதல் ஆள் 0, 5, 10. ரெண்டாவது ஆள் 5, 10, திரும்ப 0. மூணாவது ஆளும் அதேதான். மூணு பேர் கையும் ஒரே நேரத்துல விழுது! ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்காம மொத்தமா கூடி நியூட்ரல் வழியா திரும்புது.

அந்த டிபியில அதுதான் நடந்துச்சு. அடுத்த நாள் பவர் குவாலிட்டி அனலைசர் (ஒவ்வொரு ஹார்மோனிக்கையும் தனித்தனியா காட்டற மீட்டர்) மாட்டிப் பாத்தோம், ஒவ்வொரு ஃபேஸ்லயும் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் 53 ஆம்ப், 150 ஹெர்ட்ஸ் 28 ஆம்ப், மத்ததெல்லாம் சின்னது, கணக்குக்கு விட்டுடறேன். 28 மூணு தடவை 84. கிளாம்ப் மீட்டர் காட்டின 60 எப்படி வந்துச்சுன்னா 53ஐ 53ஆல பெருக்கி, 28ஐ 28ஆல பெருக்கி, கூட்டி வர்க்கமூலம் எடுத்தா 60. கெட்டுப்போன பாகத்தை நல்ல பாகத்தால வகுத்தா, அதாவது 28ஐ 53ஆல, 53 சதவீதம் வருது, இதுக்குப் பேர்தான் டிஹெச்டி, டோட்டல் ஹார்மோனிக் டிஸ்டார்ஷன்.

இதுல என்னைப் பயமுறுத்தறது எதுன்னா, அங்க இருந்தது 63 ஆம்ப் பிரேக்கர், அது மூணு ஃபேஸைத்தான் பாத்துக்கிட்டு இருக்கு, நியூட்ரல்ல 84 ஓடினாலும் அதுக்குத் தெரியாது, ட்ரிப் ஆகாது. கேபிள் அமைதியா வெந்துக்கிட்டே இருக்கும். பழைய பில்டிங்ல சில இடத்துல நியூட்ரல் ஃபேஸவிட சின்ன சைஸ்ல போட்டிருப்பாங்க, அந்தக் காலத்து லைட்டுக்கும் ஹீட்டருக்கும் அது போதும், இப்ப எல்லாம் எலக்ட்ரானிக்ஸ் ஆனதுக்கு அப்புறம் போதாது. மோசமான நிலைமையில நியூட்ரல் கரண்ட் ஃபேஸ் கரண்ட்டோட 1.73 மடங்கு வரைக்கும் போகலாம்.

ஹெச்டிபி வீட்ல (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி வீடு) இருக்கறவங்க இதைப் படிச்சுட்டுப் பதற வேண்டாம், வீட்டுக்குள்ள பெரும்பாலும் சிங்கிள் ஃபேஸ், போற கரண்ட்டேதான் நியூட்ரல்ல திரும்பும், இந்தக் கூட்டல் அங்க வராது. தயவுசெஞ்சு டிபிய நீங்களா தொறந்து பாக்காதீங்க, அது லைசென்ஸ் வச்ச எலக்ட்ரிகல் ஒர்க்கரோட வேலை, எல்இடபிள்யூன்னு நாம சொல்றது அவங்களைத்தான்.

அஞ்சாவது ஹார்மோனிக்கோட குணம் வேற. அதே 15 எண்ணிக்கைத் தாளத்துல ஒவ்வொருத்தரும் அஞ்சு தட்டு, 3 எண்ணிக்கைக்கு ஒண்ணு. முதல் ஆள் 0ல தட்டுவார், அடுத்து 1ல யார் தட்டுறாங்கன்னு எண்ணிப் பாருங்க, மூணாவது ஆள். ரெண்டாவது ஆள் 2ல. வரிசை தலைகீழாப் போச்சு. மோட்டார்ல மூணு ஃபேஸோட வரிசைதான் சுத்தற திசையைத் தீர்மானிக்குது, அதனால அஞ்சாவது ஹார்மோனிக் மோட்டாரைப் பின்னால சுத்தப் பாக்கும், 50 ஹெர்ட்ஸ் முன்னால இழுக்கும், ஜெயிக்கிறது 50 ஹெர்ட்ஸ்தான் ஆனா நடுவுல நடக்கற இழுபறி பூரா சூடாவும் அதிர்வாவும் மாறுது. ஏழாவது வரிசை மாறாம வரும்.

இந்த அஞ்சும் ஏழும் எங்க இருந்து வருதுன்னா விஎஸ்டி, மோட்டார் வேகத்தைக் கூட்டிக் கொறைக்கிற டிரைவ். சிங்கப்பூர்ல ஏர்கான் இல்லாத பில்டிங்கே இல்ல, சில்லர் (தண்ணியக் குளிர வைக்கிற மெஷின்), பம்ப், ஏஹெச்யூ ஃபேன் (குளிர்ந்த காத்தை உள்ள தள்ளறது) எல்லாத்துலயும் விஎஸ்டி மாட்டியாச்சு, மின்சாரத்தை நல்லா மிச்சம் பண்ணுது, அதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல, போட வேண்டியதுதான். ஆனா சாதா விஎஸ்டிக்குள்ள இருக்கறது ஆறு டையோடு (கரண்ட்ட ஒரு பக்கம் மட்டும் விடற கதவு) வச்ச ரெக்டிஃபையர், 6 பல்ஸ்னு சொல்லுவோம், அது 5, 7, 11, 13ன்னு வரிசையா வெளிய தள்ளும். டிரான்ஸ்ஃபார்மர்லயும் சூடு ஏறும், அதுக்குள்ள சுழற்சிக் கரண்ட்டால வர்ற நஷ்டம் ஹெர்ட்ஸோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி எகிறும், அஞ்சு மடங்கு வேகம்னா அதே அளவு கரண்ட்டுக்கு 25 மடங்கு.

இனி எப்படிக் கொறைக்கிறதுன்னு பாப்போம். என் அனுபவத்துல பாதிப் பேர் நேரா ஹார்மோனிக்ஸ வடிகட்டற ஃபில்டர் விலை கேக்கப் போயிடுறாங்க. அதுக்கு முன்னாடி அளக்கணும், ஒழுங்கான மீட்டர்ல அளக்கணும். விலை கம்மியான கிளாம்ப் மீட்டர் அலை வழுவழுன்னு இருக்கறதா நினைச்சுக்கிட்டு சராசரிய வச்சு ஒரு நம்பர் போடும், கூரான அலையில உண்மையான கரண்ட்டவிட 25ல இருந்து 40 சதவீதம் வரைக்கும் கம்மியா காட்டலாம். அந்த டிபிய ஆறு மாசம் முன்னாடி இன்னொருத்தர் பாத்துட்டு "ரீடிங் எல்லாம் ஓகே லா"ன்னு எழுதிட்டுப் போயிருக்கார், அவர் மேல தப்பு சொல்லல, அவர் கையில இருந்த மீட்டர் அப்படி, நியூட்ரல்ல போட்டுப் பாக்கற பழக்கமும் நிறைய பேருக்கு இல்ல. மீட்டர் மேல ட்ரூ ஆர்எம்எஸ்னு, அதாவது அலை எந்த வடிவத்துல இருந்தாலும் உண்மையான கரண்ட்டக் காட்டும்னு, போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க.

அனலைசரையும் ஒரு மணி நேரம் மாட்டிட்டுக் கழட்டாதீங்க, ஒரு வாரமாவது ஓடட்டும், திங்கட்கிழமை காலையும் ஞாயித்துக்கிழமை ராத்திரியும் ஒண்ணா இருக்காது. ராத்திரி லோட் கம்மியா இருக்கும்போது கரண்ட் டிஹெச்டி 90 சதவீதம்னு காட்டும், பதறிடாதீங்க, 5 ஆம்புல 90 சதவீதம் நாலரை ஆம்ப்தான், அதனால யாருக்கும் கெடுதல் இல்ல. சதவீதத்தோட சேத்து ஆம்பையும் பாக்கணும். வோல்டேஜ் டிஹெச்டிய தனியா பாக்கணும், ஏன்னா கரண்ட் கோணலானா அது கேபிள், டிரான்ஸ்ஃபார்மர் வழியா போகும்போது வோல்டேஜையும் கோணலாக்கி, அதே லைன்ல இருக்கற பக்கத்துக் கடைக்காரரையும் பாதிக்கும். ஐஇஇஇங்கிற இன்ஜினியர்கள் அமைப்போட 519ன்னு ஒரு தரக்குறிப்பு இருக்கு, 1981ல வந்து கடைசியா 2022ல திருத்தினது, சப்ளை கம்பெனி லைனும் நம்ம லைனும் சேர்ற இடத்துல வோல்டேஜ் டிஹெச்டி 1000 வோல்ட் வரைக்கும் 8 சதவீதம், அதுக்கு மேல 69 கிலோவோல்ட் வரைக்கும் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாதுன்னு சொல்லுது.

அளந்ததுக்கு அப்புறம், பிரச்சினை உண்டாகற இடத்துலயே புடிக்கறதுதான் எப்பவும் மலிவு. விஎஸ்டின்னா முன்னாடி ஒரு லைன் ரியாக்டர் மாட்டுங்க, இரும்பு மேல சுத்தின சுருள், அவ்வளவுதான். சுருளுக்கு கரண்ட் திடீர்னு மாறறது பிடிக்காது, கூரா பாய வர்ற கரண்ட்ட இழுத்துப் பரப்பி விட்டுடும். 3 சதவீத ரியாக்டர் போட்டாலே 80, 90ல இருந்த கரண்ட் டிஹெச்டி 40 பக்கம் வந்துடும். விலைக்கு இவ்வளவு பலன் தர்ற சாமான் இந்த விஷயத்துல வேற இல்லன்னு நான் உறுதியா நம்பறேன். டிரைவ் வாங்கும்போதே உள்ள சோக் (இதே மாதிரி சுருள்) இருக்கான்னு கேட்டு வாங்குங்க.

எல்இடி, கம்ப்யூட்டர் மாதிரி சின்ன சாமானுக்கு ஐஇசி 61000-3-2ன்னு ஒரு தரம் இருக்கு, ஃபேஸுக்கு 16 ஆம்ப் வரைக்கும் எடுக்கற சாமான் எவ்வளவு ஹார்மோனிக் விடலாம்னு அது வரையறுக்குது. நல்ல டிரைவர்ல, அதாவது எல்இடிக்குக் கரண்ட் குடுக்கற சின்னப் பெட்டியில, பவர் ஃபேக்டர் கரெக்‌ஷன் சர்க்யூட் இருக்கும், அது கரண்ட்ட வோல்டேஜ் கூடவே நடக்க வைக்கும். ஒரு லைட்டுக்கு ரெண்டு வெள்ளி மிச்சம் பண்றோம்னு ஆயிரம் லைட்டுக்கு மலிவு டிரைவர் போட்டா அந்தக் காசு நியூட்ரல் கேபிள்ல சூடா போயிடும்.

பெரிய லோடுக்கு ஒரு அழகான வழி 12 பல்ஸ். ஒரு டிரான்ஸ்ஃபார்மர்ல ரெண்டு செகண்டரி (கரண்ட் வெளிய வர்ற சுருள்), ஒண்ணு ஸ்டார், ஒண்ணு டெல்டா (சுருளை இணைக்கற ரெண்டு விதம்), ரெண்டுக்கும் நடுவுல 30 டிகிரி தள்ளி இருக்கும், ரெண்டுக்கும் தனித்தனி ரெக்டிஃபையர். ஒண்ணுல வர்ற அஞ்சாவதும் ஏழாவதும் இன்னொண்ணுல வர்றதுக்கு நேர் எதிரா நின்னு ஒண்ணை ஒண்ணு அழிச்சுக்கும், மிஞ்சறது 11, 13ல இருந்துதான். நம்ம எம்ஆர்டி ரயில்ல வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்கு லைன் 750 வோல்ட் டிசி மூணாவது தண்டவாளத்துல ஓடுது, வடகிழக்கு லைன் 1500 வோல்ட் டிசி மேல் கம்பியில ஓடுது. ஏசியா வர்றதை டிசியா மாத்தித்தான் ரயிலுக்குக் குடுக்கணும், இந்த மாதிரி ரயில் ரெக்டிஃபையருக்கு 12 பல்ஸ் உலகம் பூரா வழக்கமான முறை.

டெல்டா-ஸ்டார் டிரான்ஸ்ஃபார்மரே மூணாவது ஹார்மோனிக்குக் கொஞ்சம் காவல். மூணு பேரும் ஒரே நேரத்துல தட்டறதால டெல்டாவுக்குள்ளயே அது சுத்திக்கிட்டு இருக்கும், மேல லைனுக்கு ஏறாது. ஆனா கீழ இருக்கற நியூட்ரலுக்கு அதனால ஒரு உதவியும் இல்ல, சுத்தறதும் டிரான்ஸ்ஃபார்மருக்குள்ள சூடுதான்.

கேபாசிட்டர் பேங்க் (பல கேபாசிட்டர் சேந்த தொகுப்பு) பத்தி மட்டும் நிதானமா சொல்றேன், ஏன்னா நல்லது பண்ணப் போய் கெடுதல் ஆகறது இங்கதான். பெரிய கன்ஸ்யூமருக்கு பவர் ஃபேக்டர் (எடுக்கற மின்சாரத்துல உண்மையா வேலை செய்யற பங்கு) 0.85க்குக் கீழ போனா, வேலை செய்யாம போயிட்டு வர்ற ரியாக்டிவ் பவருக்குத் தனியா சார்ஜ் வரும், அதைத் தவிர்க்க கேபாசிட்டர் போடுவாங்க. கேபாசிட்டரும் டிரான்ஸ்ஃபார்மரும் சேந்தா அதுக்குன்னு ஒரு சொந்த சுருதி உண்டாயிடும். ஊஞ்சலை அது வர்ற நேரம் பாத்துத் தள்ளினா சின்னக் கையும் பெரிய வீச்சு குடுக்கும் இல்லையா, அந்த சுருதி ஒரு ஹார்மோனிக் மேல போய் உக்காந்தா அதே கதைதான். கணக்கு ரொம்ப சுலபம்: 1 எம்விஏ டிரான்ஸ்ஃபார்மர் (எம்விஏங்கறது அதோட கொள்ளளவு), 5 சதவீத இம்பீடன்ஸ் (உள்தடை), அப்ப 1ஐ 0.05ஆல வகுத்தா ஷார்ட் சர்க்யூட் அளவு 20 எம்விஏ. அதைக் கேபாசிட்டர் அளவால வகுத்து வர்க்கமூலம் எடுங்க. 400 கிலோவார், அதாவது 0.4 மெகாவார், கேபாசிட்டர்னா 20ஐ 0.4ஆல வகுத்தா 50, வர்க்கமூலம் 7.07. ஏழாவது ஹார்மோனிக் மேல கச்சிதமா! சரி இன்னும் கொஞ்சம் போடுவோம்னு 800 கிலோவார் போட்டா 25, வர்க்கமூலம் 5. அஞ்சாவது மேல! பேங்க் தானா ஒவ்வொரு ஸ்டெப்பா ஏத்தும்போது ரெண்டையும் தொட்டுட்டுப் போகும்.

ஒரு இடத்துல ஒரு கான்ட்ராக்டர் இதைப் பாக்காம வெறும் கேபாசிட்டரை மாட்டிட்டார், ஃபியூஸ் போய்க்கிட்டே இருந்துச்சு, புது ஃபியூஸ் போட்டுக்கிட்டே இருந்தாங்க, கடைசியில ஒரு கேபாசிட்டர் கேன் தகரடப்பா மாதிரி உப்பிப் போய் நின்னுச்சு. தீ புடிக்கல, புடிச்சிருக்கலாம். இதுக்குத் தீர்வு டீட்யூன்ட் ரியாக்டர், கேபாசிட்டர் கூட தொடர்ல ஒரு சுருள். 7 சதவீத ரியாக்டர் போட்டா அந்தக் கூட்டணியோட சுருதி 189 ஹெர்ட்ஸுக்கு வந்துடும், அஞ்சாவதான 250க்குக் கீழ, மூணாவதான 150க்கு மேல, யாரும் இல்லாத இடம். விஎஸ்டி இருக்கற பில்டிங்ல ரியாக்டர் இல்லாம கேபாசிட்டர் போட யார் வந்தாலும் விடாதீங்க.

அடுத்து ஃபில்டர். பேசிவ் ஃபில்டர்ங்கறது ஒரு ஹார்மோனிக்குக்கு மட்டும் சுலபமான பாதை போட்டுக் குடுத்து, அது லைனுக்குப் போகாம அங்கேயே இறங்கிட வைக்கிறது. லோட் மாறாத இடத்துக்கு நல்லா இருக்கும், லோட் மாறிக்கிட்டே இருந்தா சரிப்படாது. ஆக்டிவ் ஃபில்டர் கெட்டிக்காரத்தனமானது, சிடி (கேபிளைச் சுத்தி மாட்டற கரண்ட் சென்சார்) வச்சு கரண்ட்ட நொடிக்கு நொடி அளந்து, அதுல 50 ஹெர்ட்ஸ் தவிர மிச்சம் என்ன இருக்குன்னு பிரிச்சு, அதுக்கு நேர் எதிரான கரண்ட்ட உள்ள செலுத்தும், சத்தத்தை அடக்கற ஹெட்போன் பண்ற வேலை மாதிரி. விலை ஜாஸ்தி, ஆனா ஆஸ்பத்திரி, டேட்டா சென்டர் மாதிரி இடத்துக்கு நியாயமான செலவு. சிங்கப்பூர் மின்சாரத்துல 2020லயே ஏறக்குறைய 7 சதவீதம் டேட்டா சென்டருக்குத்தான் போச்சு, 2030க்குள்ள 60,000 இவி (மின்சார வண்டி) சார்ஜிங் பாயிண்ட் வைக்கிற திட்டமும் ஓடிக்கிட்டு இருக்கு, எல்லாமே ஏசிய டிசியா மாத்தற லோட்தான். ஆக்டிவ் ஃபில்டர் மாட்டும்போது சிடி திசையை ரெண்டு தடவை சரி பாருங்க, திருப்பி மாட்டினா எதிரா செலுத்த வேண்டியதைக் கூட சேத்து செலுத்திடும், டிஹெச்டி கூடிப் போயிடும்.

நாங்க ராபின்சன் ரோட்ல என்ன பண்ணோம்னா, அன்னிக்கே பாதி லைட் சர்க்யூட்டை அணைச்சுட்டு, ராத்திரி ஷட்டவுன் வாங்கி வெந்துபோன நியூட்ரலை எடுத்துட்டு ரெண்டு மடங்கு சைஸ்ல புதுசு போட்டோம். டெர்மினல் கிட்ட இன்சுலேஷன் காப்பிக் கலர்ல மாறி, விரல் பட்டாலே பொடிப்பொடியா உதிர்ந்துச்சு. ஃபில்டர் கேட்டு கொட்டேஷன் வந்துச்சு, வேண்டாம்னு சொன்னேன், ஏன்னா அனலைசர்ல வந்தது முக்கால்வாசி மூணாவது ஹார்மோனிக், காரணம் அந்த மாடியில மாட்டின மலிவு எல்இடி டிரைவர். எல்லாத்தையும் நல்ல டிரைவரா மாத்த மூணு வாரம் ஆச்சு. மாத்தினதும் அதே மதியம் மூணு மணிக்குத் தம்பி போய் கிளாம்ப் போட்டார், ஃபேஸ் 54, நியூட்ரல் 27. மேல இன்னும் ஆறு மாடி பாக்கி இருக்கு, அங்க இருக்கறதும் அதே பழைய டிரைவர்தான். தம்பி இப்ப எந்த டிபி தொறந்தாலும் முதல்ல நியூட்ரல்லதான் மீட்டரைப் போடறார்.